கழனிவாசல் வீட்டை விற்றுக் கொடுத்த செராக்ஸ் மாடிக்காரர்கள்

காரைக்குடி கல்லூரிச் சாலையில் ஒரு செராக்ஸ் கடைக்கு மேல் மாடியில், அண்ணனும் தங்கையுமாக வீடு விற்றுக் கொடுக்கும் ஆபீஸ் வைத்திருக்கிறார்கள். வெளியே பெயர்ப்பலகை கிடையாது. விசிட்டிங் கார்டில் ஏதோ ஆங்கிலப் பெயர் இருக்கிறது, ஆனால் ஊரில் யாரும் அதைச் சொல்வதில்லை. செராக்ஸ் மாடி என்றால் ஆட்டோக்காரருக்கே தெரியும். எங்கள் வீட்டை இவர்கள்தான் விற்றுக் கொடுத்தார்கள். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் போடுவேன்.

எனக்குத் தொழில் ஆத்தங்குடியில் டைல்ஸ் பட்டறை. கழனிவாசலில் நாலு செண்டு மனையை அம்மா 2004இல் வாங்கினார். 2006இல் வீடு கட்டினோம். தரை முழுக்க எங்கள் பட்டறைக் கல்லே போட்டோம். அம்மா போன பிறகு, திருப்பூரில் இருக்கிற தங்கையும் நானும் பேசி விற்றுவிடலாம் என்று முடிவு செய்தோம். பட்டறைக்குப் பக்கத்திலேயே குடியிருந்தால் எனக்கும் அலைச்சல் மிச்சம்.

விற்கலாம் என்று சொல்வது சுலபம். 2024இல் காரைக்குடி மாநகராட்சி ஆனதிலிருந்து திரும்பின பக்கமெல்லாம் கலர் கலராகக் கொடி நட்ட மனைப்பிரிவுகள். வேன் ஏற்றிக் கூட்டிப்போய், சாப்பாடு போட்டு, அங்கேயே அட்வான்ஸ் வாங்குகிறார்கள். புதுசாகக் கட்டின வில்லாக்காரர்கள் மாடுலர் கிச்சனும் கார் ஷெட்டும் காட்டுகிறார்கள். ஏறக்குறைய இருபது வயசான வீட்டை வைத்துக்கொண்டு இவர்களோடு மல்லுக்கு நிற்க வேண்டும். நான் முதலில் ஒரு இணையதளத்தில் போட்டோ போட்டேன். போன் வந்துகொண்டே இருந்தது, ஆனால் வாங்குகிறவர் ஒருவர்கூட இல்லை. அத்தனையும் 'சார் நம்மகிட்ட பார்ட்டி ரெடியா இருக்கு' என்கிற புரோக்கர்கள்தான். அப்புறம் ஒரு தரகரிடம் கொடுத்தேன். அவர் என்னிடம் ஒரு விலை, வருகிறவரிடம் ஒரு விலை என்று சொல்லி, நடுவில் இருப்பதைத் தன் பங்காக வைத்திருந்தார். அது தெரிந்ததும் கேட்டில் அவர் மாட்டியிருந்த போர்டை நானே கழற்றிக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தேன்.

செராக்ஸ் மாடியிலிருந்து முதலில் வந்தது அந்தத் தங்கைதான். வீட்டைச் சுற்றிப் பார்ப்பார் என்று என் மனைவி காலையிலேயே கூட்டித் துடைத்து வைத்திருந்தாள். அந்தப் பெண் முகப்பிலேயே உட்கார்ந்துகொண்டு, "அண்ணே, மொதல்ல பத்திரத்தை எடுங்க" என்றார். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, பிளான் அப்ரூவல், வரி ரசீது என்று ஒவ்வொன்றாகப் புரட்டினார். பட்டா இன்னும் அம்மா பெயரில்தான் இருந்தது. தாசில்தார் ஆபீசில் வாரிசுச் சான்று வாங்கி, பட்டாவை எங்கள் இரண்டு பேர் பெயருக்கும் மாற்றினால்தான் விளம்பரமே போடுவேன் என்று சொல்லிவிட்டார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆள் வந்த பிறகு மாற்றிக்கொள்ளலாமே என்றேன். "ஆள் வந்த பிறகு பட்டா மாறுற வரைக்கும் அவர் காத்திருக்க மாட்டார் அண்ணே. அதுக்குள்ள வேற வில்லாவுக்கு அட்வான்ஸ் குடுத்துடுவார்" என்றார். பின்னால் எந்த இடத்திலும் எங்கள் காகிதத்தால் வேலை நிற்கவில்லை என்பதைச் சொல்ல வேண்டும்.

அப்புறம் அவர் எழுதிக் காட்டிய விளம்பரம். வாட்ஸ்அப்பில் வந்தது இன்னும் இருக்கிறது, அப்படியே தருகிறேன்:

"கழனிவாசல். 4 செண்டு. கிழக்குப் பார்த்த வீடு. 2006இல் கட்டியது. இரண்டு பெட்ரூம், மாடியில் ஒரு அறை. போர் தண்ணீர் உண்டு. தரை முழுக்க ஆத்தங்குடிக் கல், கையால் போட்டது, கல்லுக்குக் கல் நிறம் கொஞ்சம் மாறும், கிரானைட் பளபளப்பு இருக்காது. தெரு 18 அடிதான், பெரிய கார் திரும்பாது. அடுப்படி சின்னது. மேற்குச் சுவரில் மழைக்காலத்தில் ஓதம் வரும். விலை 82 லட்சம். பத்திரச் செலவு தனி."

படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டை விற்கச் சொன்னால் வீட்டின் மேல் புகார் எழுதிக் கொடுக்கிறாயே அம்மா என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "ஓதத்தை அவங்களா கண்டுபிடிச்சா அஞ்சு லட்சம் குறைப்பாங்க. நாமளே எழுதிட்டா அது ஏற்கெனவே விலைக்குள்ள இருக்கு. பெரிய கார் வச்சிருக்கிறவர் இங்க வந்து என்ன பண்ணப் போறார்? வரவே வேணாம்." இந்த ஆபீசின் சரக்கு எல்லாம் இதில் அடங்கிவிட்டது என்று நினைக்கிறேன். யாரைக் கூட்டிவருவது என்பதைவிட யாரைக் கூட்டிவரக் கூடாது என்பதில்தான் இவர்கள் கெட்டி.

போட்டோ எடுத்தது அண்ணன். எனக்குத் தரையைப் பற்றித் தெரியும் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். எங்கள் கல்லைக் கண்ணாடித் தகட்டின் மேல் போடுவோம். அச்சை வைத்து, கட்டம் கட்டமாகக் கலர் சிமென்ட்டை ஊற்றி, அச்சை எடுத்துவிட்டு, மேலே உலர்ந்த மணலும் சிமென்ட்டும் தூவி, அதற்கு மேல் ஈரக் கலவை. அப்புறம் தண்ணீர்த் தொட்டியில் ஊறப்போட்டு, எடுத்துக் காயவைப்பது. சூளையில் வேகவைப்பது கிடையாது. கண்ணாடியில் படிந்திருந்த பக்கம்தான் மேல்பக்கம், வழவழப்பு அங்கிருந்து வருகிறது. ஆள் நடக்க நடக்கத்தான் இன்னும் மெருகு ஏறும். இதை டியூப்லைட்டில் போட்டோ எடுத்தால் அழுக்குத் துணி விரித்ததுபோல் விழும். நான் முதலில் போட்டிருந்த படங்கள் அப்படித்தான் இருந்தன. இந்த அண்ணன் மத்தியானம் வந்தவர், ஒரு படம்கூட எடுக்காமல் திரும்பிப் போய், மறுநாள் காலையில் வெயில் வாசல் வழியாக ஹாலுக்குள் சரிந்து விழும் நேரத்துக்கு வந்தார். தேங்காயெண்ணெய் ஒத்திய துணியால் ஒரு தடவை துடைக்கச் சொன்னார். செருப்பில்லாமல் தரையோடு தரையாகக் குந்தி, போனைக் கீழே வைத்து எடுத்தார். சிவப்பும் மஞ்சளும் பச்சையும் நான் போட்ட அன்றைக்கு எப்படி இருந்ததோ அப்படி வந்திருந்தது. முக்கியமாக, அகல லென்ஸ் போட்டு ஹாலை இழுத்து நீட்டவில்லை. வில்லா விளம்பரங்களில் பார்த்திருப்பீர்கள், பத்துக்குப் பதினாலு அறையில் கல்யாணமே நடத்தலாம்போல் இருக்கும். நேரில் போகிறவர் வாசலிலேயே முகம் சுண்டிப்போவார்.

சரி, குறையையும் சொல்ல வேண்டும். ட்ரோன் ஷாட் என்று 3,500 ரூபாய் தனியாக வாங்கினார்கள். நாலு செண்டு வீட்டுக்கு எதற்கு ட்ரோன்? வந்த வீடியோவில் எதிர்வீட்டுக்காரரின் சின்டெக்ஸ் டேங்க் இரண்டும், கொஞ்சம் தள்ளி ஒரு செல்போன் டவரும் ஜோராகத் தெரிந்தன. எங்கள் வீட்டை அம்புக்குறி போட்டுக் காட்ட வேண்டியிருந்தது. அதை வெளியிட வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன், பணம் மட்டும் போனது போனதுதான். போட்டோவுக்கு வாங்கிய 6,000 பற்றி எனக்குப் புகார் இல்லை. இன்னொன்று, சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் இரண்டு பேரும் போனை எடுக்க மாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து கூப்பிடுகிறவர்களுக்கு இது தோதாக இல்லை. சிங்கப்பூரிலிருந்து ஒருவர் மூன்று நாள் முயன்றுவிட்டு, என் நம்பரை எங்கேயோ பிடித்து நேராக எனக்கே பேசினார்.

விளம்பரத்தில் என் நம்பர் கிடையாது, எல்லாப் போனும் அந்தப் பெண்ணுக்குத்தான் போகும். ஒரு நாள் மாடியில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். விலை குறையுமா என்று கேட்ட ஒருவரிடம், "அது நேர்ல பேசலாம் சார். இப்ப 82ன்னா உங்களுக்கு முத்திரைத்தாள் 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், ஆக ஏழு லட்சத்து முப்பத்தெட்டாயிரம் மேல வரும். கிட்டத்தட்ட தொண்ணூறு ஆகுதே, பரவாயில்லையா?" என்றார். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பத்திரச் செலவைக் கடைசி நேரத்தில் கேட்டு மலைத்துப்போய், அதை விற்கிறவன் தலையில் இறக்கப் பார்ப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். இங்கே அது முதல் போனிலேயே முடிந்துவிடுகிறது.

அரசு வைத்திருக்கிற வழிகாட்டி மதிப்புக்கு மட்டும் பத்திரம் போட்டுக்கொள்ளலாம், மீதியைக் கையில் தருகிறேன் என்று ஒருவர் வந்தார். நல்ல பசையுள்ள ஆள், கேட்ட விலைக்கே ஒத்துக்கொண்டார். நிலம், வீடு விற்கும்போது 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே வருமான வரித்துறை அபராதம் போடலாம் என்று அந்தப் பெண் எனக்கு எடுத்துச் சொன்னார். அபராதம் விற்கிறவனுக்குத்தான். அந்த ஆளுக்குக் காபி கொடுத்து அனுப்பிவிட்டோம்.

வாங்கினது சென்னையில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு செட்டியார் வீட்டுத் தம்பதி. பள்ளத்தூரில் அவர்களுக்குப் பெரிய வீடு இருக்கிறது. இருக்கிறது என்றால், ஒரு புள்ளி, அதாவது ஒரு குடும்பப் பங்கு இருக்கிறது. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று தெருவுக்குத் தெரு நீளும் வீடு, பங்காளிகள் ஊர் ஊராக இருக்கிறார்கள். கல்யாணத்துக்கும் முன்னோருக்குப் போடும் படைப்புக்கும் திறப்பதோடு சரி. தங்களுக்கென்று கைக்கு அடக்கமாக டவுனில் ஒன்று வேண்டும், ஆனால் காலுக்குக் கீழே பழகின தரை வேண்டும் என்பது அந்த ஆச்சியின் ஆசை. செட்டியார் குழாயைத் திறந்து பார்த்தார், மேற்குச் சுவரைத் தட்டிப் பார்த்தார், "போட்டிருந்தீங்களே, இதுதானா" என்று கேட்டு அத்தோடு விட்டார். ஆச்சி வாசலில் செருப்பை விட்டுவிட்டு அறை அறையாக நடந்தார். ஹால் மூலையில் நின்று, "தம்பி, இது உங்க பட்டறைக் கல்லுன்னு அந்தப் பொண்ணு சொல்லுச்சு. ஒரு கல்லு வெடிச்சுப்போனா இதே பூவுக்கு அச்சு இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்கு ஆச்சி. அந்த அச்சு இன்னும் ஓடுது" என்றேன்.

"அப்ப இருபது கல்லு உபரியாப் போட்டுக் குடுத்துடுங்க. விலைய அப்பச்சி பேசுவாக."

செட்டியார் 75 என்றார், நான் 80 என்றேன், 78இல் நின்றது. அந்த அண்ணன் நடுவில் ஒரு வார்த்தை பேசவில்லை. இவர்கள் கமிஷன் விற்கிறவரிடம் மட்டும், ஒன்றரை சதவீதம். வாங்குகிறவரிடம் எதுவும் வாங்குவதில்லை. அதனால் இவர் யார் பக்கம் என்று இரண்டு தரப்புக்கும் குழப்பம் கிடையாது. ஊரில் பலர் இரண்டு பக்கமும் இரண்டிரண்டு சதவீதம் வாங்குகிறார்கள் என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள்.

அதற்குப் பிறகு நடந்தது காகித வேலை, வேகமாகச் சொல்லிவிடுகிறேன். சேல் அக்ரிமென்ட்டையும் ரிஜிஸ்டர் ஆபீசில் பதிவு செய்யச் சொன்னார்கள், செய்தோம். 50 லட்சத்துக்கு மேல் என்பதால் வாங்குகிறவர் 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது வருமான வரிக்காக முன்கூட்டியே கழிக்கும் பணம், பிடிக்க வேண்டும். விற்பவர்கள் நானும் தங்கையும் என்று இரண்டு பேர், ஆகவே அதை வரித்துறைக்குக் காட்டும் 26கியூபி படிவமும் ஆளுக்கொன்றாகத் தனித்தனியே போட வேண்டியிருந்தது. செட்டியாரின் ஆடிட்டர் மொத்தத்தையும் ஒரே படிவத்தில் என் பெயரில் போடப் பார்த்தார், இந்தப் பெண்தான் பிடித்து நிறுத்தினார். இல்லாவிட்டால் தங்கை கணக்கில் வர வேண்டிய 39,000க்கு நாங்கள் அலைந்துகொண்டு இருந்திருப்போம். மூலதன ஆதாய வரி அவர்கள் வேலை இல்லை, அதை எங்கள் ஆடிட்டர் பார்த்தார். 2024 ஜூலை 23க்கு முன்னால் வாங்கிய சொத்து என்பதால் விலைவாசி ஏற்றத்தைச் சேர்க்கும் குறியீட்டுக் கணக்கோடு 20 சதவீதமா, அது இல்லாமல் 12.5 சதவீதமா என்று இரண்டு விதமாகவும் போட்டுப் பார்த்து, எது குறைவோ அதை எடுக்கலாம். பதிவு முடிந்த அன்று சாயங்காலம் 1,17,000 ரூபாய் கமிஷனைப் பேங்க் மூலம் அனுப்பினேன். பில் கொடுத்தார்கள். ஜிஎஸ்டி போடவில்லை, இன்னும் அந்த அளவுக்கு வரவு வரவில்லையாம்.

எல்லா வீட்டையும் எடுக்க மாட்டார்கள். நகரத்தார் எனும் செட்டியார்களின் பெரிய வீடுகள் என்றால் கும்பிட்டு அனுப்பிவிடுகிறார்கள். அத்தனை பங்காளிகளின் கையெழுத்தையும் வாங்குவது இரண்டு பேர் ஆபீசால் ஆகிற காரியமா? அந்த வீடுகள் பிரிந்து தூணும் கதவுமாக முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளுக்கு வருவதைத்தான் நாம் பார்க்கிறோம். எனக்கு வயிறு எரியும், ஆனால் அது வேறு கதை. மனைகளும் விற்கிறார்கள், நகரமைப்புத் துறையின் டிடிசிபி அனுமதியும், மனை, வீடு விற்பனையை ஒழுங்குபடுத்தும் ரெரா ஆணையத்தின் எண்ணும் இருந்தால் மட்டும். இவர்களுடைய ஏஜென்ட் பதிவு எண் பில்லிலேயே அச்சாகியிருக்கிறது, தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் தேடினால் வருகிறது, நான் தேடிப் பார்த்தேன்.

அவசரமாகப் பணம் வேண்டும், இந்த மாசமே விற்க வேண்டும் என்பவர்களுக்கு இந்த இடம் சரிப்படாது. போகிறவர்கள் காலையில் போங்கள், மத்தியானம் இரண்டு பேரும் சைட் பார்க்கக் கிளம்பிவிடுவார்கள். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொள்ளுங்கள், கீழேயே கடை இருக்கிறது. மாநகராட்சி வரி ரசீது நடப்பு வருஷத்துடையதாக இருக்க வேண்டும். போன வருஷத்து ரசீதோடு வந்த ஒருவரை என் கண்ணெதிரே திருப்பி அனுப்பினார் அந்தப் பெண்.