சிபிஎல்லுக்கு எங்க பறக்கலாம்: உள்நாடா, வெளிநாடா, கேடட் புரோகிராமா?

பாளைக்கு லீவுல வந்தா போதும், யாராவது மவனையோ மவளையோ கூட்டிக்கிட்டு வீட்டு வாசல்ல வந்து நிக்காங்க. "தம்பி, இவளுக்கு பைலட் ஆவணுமாம், எங்க சேக்கலாம்னு நீங்களே சொல்லுங்க"ம்பாங்க. 2025 ஜூலைல வாகைக்குளத்துல இருக்க தூத்துக்குடி ஏர்போர்ட்ல புது டெர்மினல் திறந்து, ரன்வேயையும் 3 கிலோமீட்டருக்கு மேல நீட்டினதுல இருந்து இந்தக் கேள்வி ரொம்பக் கூடிருச்சு. ஆளாளுக்குத் தனித்தனியா சொல்லுததுக்கு இங்ஙன மொத்தமா எழுதிருதேன்.

நான் இந்தியாவுலயே பறந்து சிபிஎல், அதாவது சம்பளத்துக்கு விமானம் ஓட்ட வேண்டிய கமர்ஷியல் பைலட் லைசென்ஸ், எடுத்தவன், அதனால என் சாய்வு எந்தப் பக்கம்னு உங்களுக்கே தெரியும். எங்க மாமா மவன் தென்னாப்பிரிக்கா போய் எடுத்துட்டு வந்தான். ரெண்டு பேரும் ஒண்ணா பிளஸ் டூ முடிச்சவங்க, அவன் பட்டதை பக்கத்துல இருந்து பாத்துருக்கேன். கேடட் புரோகிராம்ல நான் சேரல, கூடப் படிச்ச பசங்க சொன்னதுதான்.

எல்லாருக்கும் பொதுவானதை வேகமா சொல்லிருதேன். பிளஸ் டூல பிசிக்ஸ், மேத்ஸ் வேணும். லைசென்ஸ் கைக்கு வர 18 வயசு முடிஞ்சிருக்கணும். பைலட்டுக்கான உடல் தகுதிச் சோதனைல கிளாஸ் 2 மெடிக்கல், அப்புறம் கிளாஸ் 1 மெடிக்கல். இந்த கிளாஸ் 1 கைக்கு வராம எந்த ஸ்கூலுக்கும் ஒரு ரூவா அட்வான்ஸ் கட்டாதீங்க, கலர் விஷன்ல அடிபட்டுப் போனவங்களை எனக்கே தெரியும், வயலை வித்துப் பணம் கட்டினதுக்கு அப்புறம் அது தெரிய வந்தா அந்த வீடு என்ன பாடு படும்னு யோசிச்சுப் பாருங்க. அடுத்தது லைசென்ஸ் குடுக்கிற மத்திய அரசு அமைப்பான டிஜிசிஏ வைக்கிற பேப்பர்கள்: ஏர் நேவிகேஷன், மெட்டீரியாலஜி (வானிலை, சுருக்கமா மெட்), ஏர் ரெகுலேஷன்ஸ், டெக்னிக்கல் ரெண்டு. எல்லாத்துலயும் 70 மார்க் வேணும். ரேடியோவுல பேச ஆர்டிஆர்ங்கிற லைசென்ஸ் தனி, அதுக்கும் பரீட்சை உண்டு. பறக்க வேண்டியது மொத்தம் 200 மணி நேரம், அதுல 100 மணி நேரம் பிஐசி, அதாவது விமானத்துக்கு நீங்களே பொறுப்பு.

கேடட் புரோகிராம்ல ஏர்லைனே ஆள் தேர்வு பண்ணி, அவங்க கூட்டு வச்சிருக்க ஸ்கூலுக்கு அனுப்பி, ஏ320 டைப் ரேட்டிங் (அந்த விமானத்தை ஓட்டுறதுக்கான தனித் தகுதி) வரைக்கும் ஒரே பாதையா கொண்டு போகும். டைப் ரேட்டிங்கோட சேத்தா கோடியைத் தாண்டிரும்னு சேந்தவங்க சொன்னாங்க. எங்க வீட்டுல அந்தத் தொகையைக் கேட்டதுமே பேச்சு நின்னுட்டு. கையில பணம் இருந்து, செலக்‌ஷன்லயும் தேறினா அது நல்ல வழின்னுதான் எனக்குத் தோணுது. காண்ட்ராக்ட்ல வேலை உறுதியா, இல்ல "வாய்ப்பு இருந்தா"ன்னு போட்டுருக்கான்னு மட்டும் வரிவரியா படிச்சிட்டுக் கையெழுத்துப் போடுங்க. அதுக்கு மேல சொல்ல எனக்கு அனுபவம் இல்ல.

வெளிநாட்டுல பெரிய லாபம் வேகம். வானம் நல்லா இருக்கும், விமானம் நிறைய இருக்கும், வாரம் முழுக்கப் பறக்கலாம். மாமா மவன் ஒரு வருஷத்துக்குள்ள மணி நேரத்தை முடிச்சிட்டான், அப்ப நான் இங்க 90 மணி நேரத்துல நிக்கேன். ராத்திரி அவன் போட்டோ அனுப்புவான், எனக்குத் தூக்கம் வராது. அமெரிக்கா போறவங்க ஒண்ணைக் கவனிக்கணும், அங்க விதிப்படி ரெண்டு வகைப் பயிற்சி உண்டு, பார்ட் 141 ஸ்கூல்ல 190 மணி நேரத்துலயே கமர்ஷியல் லைசென்ஸ் எடுத்துரலாம், பார்ட் 61னா 250. நமக்கு இங்க 200 வேணும், அதனால 190ல முடிச்சிட்டு வந்தா மீதி 10 மணி நேரத்துக்கு இங்க அலையணும். நான் அமெரிக்கா போகல, அங்க ஸ்கூல் எப்படின்னு கேட்டா சொல்லத் தெரியாது.

இப்ப விஷயத்துக்கு வாரேன். பீஸ், சாப்பாடு, ஹாஸ்டல்னு எல்லாரும் கணக்குப் போடுதாங்க, ஆனா அந்த ஆறு மாசக் கணக்கை யாரும் போடுறது இல்ல. டிஜிசிஏ சிபிஎல்லுக்கு நீங்க விண்ணப்பிக்கிற தேதிக்கு முந்தின 6 மாசத்துக்குள்ள 15 மணி நேரம் பிஐசியா பறந்திருக்கணும். ஸ்கில் டெஸ்ட்டும் அந்த 6 மாசத்துக்குள்ள இருக்கணும்: பகல் டெஸ்ட், ராத்திரி டெஸ்ட், பகல்ல 250 நாட்டிகல் மைல் கிராஸ் கன்ட்ரி (தூரப் பயணம்), ராத்திரில 120 நாட்டிகல் மைல். பறந்த அன்னைக்கே, டெஸ்ட் குடுத்த அன்னைக்கே இந்தக் கடிகாரம் ஓட ஆரம்பிச்சிரும், பேப்பர் பாக்கி இருக்குன்னு அது உங்களுக்காக நிக்காது.

மாமா மவன் மாட்டுனது இதுலதான். வெளிநாட்டு லைசென்ஸை மாத்த ஏர் ரெகுலேஷன்ஸும், நேவிகேஷனையும் மெட்டையும் சேத்த காம்போசிட் பேப்பரும் போதும்கிறதால, அதை வந்து பாத்துக்கிடலாம்னு போயிட்டான். திரும்பி வந்து ரெகுலேஷன்ஸ் தேறிட்டான், காம்போசிட் ஒருக்கா போச்சு. அடுத்ததுக்குப் படிச்சு எழுதி, ஆர்டிஆர் தேதிக்குக் காத்திருந்து, எல்லாம் கைக்கு வரும்போது கடைசியாப் பறந்து எட்டு மாசம் ஆச்சு. இவ்வளவு பறந்தவன் மறுபடி 15 மணி நேரம் பறக்கணும், டெஸ்ட்டும் திரும்பக் குடுக்கணும். இங்க ஒரு ஸ்கூலும் வெளி ஆளுக்கு சட்டுனு விமானம் தர மாட்டேங்குது, அவங்க பசங்களே வரிசையில நிக்காங்க. தந்த இடத்துலயும் பேக்கேஜ்னு சொல்லி ஒரு தொகை, முன்பணமா. அந்தப் பணத்துக்கு மாமா வீட்டுல நகை பேங்குக்குப் போச்சு. மூணு மாசம் வேற ஊர்ல ரூம் எடுத்துக் கிடந்தான். வெளிநாட்டுல மிச்சம் பிடிச்ச காலமும் காசும் அதுலயே கரைஞ்சிட்டு.

எனக்கும் அந்தக் கடிகாரம் ஓடத்தான் செஞ்சுது. ராத்திரி டெஸ்ட் முடிச்ச பிறகு விமானம் மெயின்டனன்ஸுக்குப் போயிட்டு, கிராஸ் கன்ட்ரி தள்ளித்தள்ளி போச்சு, 6 மாசம் தாண்டிருச்சு. ஆனா நான் அந்த ஸ்கூல் மாணவன், அதே செஸ்னா 172, அதே இன்ஸ்ட்ரக்டர், அதே ரன்வே. ராத்திரி டெஸ்ட்டை மட்டும் திரும்பக் குடுத்தேன், ரெண்டு நாள்ல முடிஞ்சுது. நான் உள்நாடுன்னு சாயுறதுக்கு இந்த ஒரு காரணம்தான் பெருசு. தப்புனா திரும்பப் பிடிக்க வழி பக்கத்துலயே இருக்கு.

உள்நாட்டுக் குறையை மறைக்க மாட்டேன். எனக்கு 200 மணி நேரம் முடிய 22 மாசம் ஆச்சு, ஒரு வருஷத்துல முடிச்சுத் தாரோம்னு சொல்லிச் சேத்தாங்க. மழைக்காலத்துல ஒரு மாசம் பூரா நாலு மணி நேரம்தான் பறந்தேன். இன்ஸ்ட்ரக்டர் வேலையை விட்டுட்டுப் போனா புது ஆள் வர்ற வரைக்கும் சும்மா உக்காந்திருக்கணும். ஹாஸ்டல் வாடகை ஓடும், லோன் வட்டி ஓடும். இதை நினைச்சா இப்பவும் வயிறு எரியுது.

அதனால ஸ்கூலைப் பாக்கப் போகும்போது மொத்தம் எத்தனை விமானம்னு கேக்காதீங்க, இன்னைக்குப் பறக்கிற நிலைமையில எத்தனைன்னு கேளுங்க. அதை மாணவர் எண்ணிக்கையால வகுத்துப் பாருங்க. ஆபீஸ்ல கேக்கதை விட ஹாஸ்டல் பசங்ககிட்ட கேளுங்க, "போன மாசம் எத்தனை மணி நேரம் பறந்த?"னு நாலு பேர்கிட்ட கேட்டா உண்மை வெளிய வந்துரும். 15 மணி நேரத்துக்கு மேல சொன்னாங்கன்னா தைரியமா சேக்கலாம். ரேபரேலி பக்கம் ஃபர்சத்கஞ்ச்ல இருக்க அரசு அகாடமி, இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமி, அதுக்கு நுழைவுத் தேர்வு உண்டு, அதை ஒருக்கா எழுதிப் பாக்கச் சொல்லுங்க.

நீங்க எங்க பறந்தாலும் பேப்பர் முதல்ல. வீட்டுல இருந்தே படிச்சுப் போய் எழுதலாம். நான் அஞ்சு பேப்பரையும் பாளையில மாடி ரூம்ல படிச்சுத்தான் முடிச்சேன். மெட் எனக்கு ரொம்பப் பிடிச்சுது, கணவாய்க்குள்ள காத்து ஏன் வேகம் எடுக்குதுன்னு புத்தகத்துல வரும்போது எனக்குப் பணகுடியும் ஆரல்வாய்மொழியும்தான் கண்ணு முன்னால. ஆனி ஆடில அந்தக் காத்தாலைங்க சுத்துற சுத்தைச் சின்னதுல இருந்து பஸ் ஜன்னல்ல பாத்து வளந்தவங்களுக்கு அது மனப்பாடம் பண்ண வேண்டிய பாடம் இல்ல. பின்னால செஸ்னா 172ல குறுக்குக் காத்து 15 நாட் (காத்து வேகத்தோட அளவு)னு படிச்சப்பவும் அந்தக் காத்துதான் ஞாபகம் வந்துச்சு. ஆர்டிஆர் எங்க காலத்துல டெலிகாம் துறை நடத்துனது, தேதிக்கே மாசக்கணக்குல காத்துக் கிடந்தோம். 2025ல அமலுக்கு வந்த பாரதிய வாயுயான் சட்டத்துல அது டிஜிசிஏ கைக்கு மாறிருச்சு.

மாமா மவன்கிட்ட போன வாரம் பேசினேன், "நீ திரும்பப் போகணும்னா எங்க போவ?"னு கேட்டேன். "தென்னாப்பிரிக்காதாம்ல, ஆனா எல்லாப் பேப்பரையும் ஆர்டிஆரையும் கையில வச்சிக்கிட்டுத்தான் பிளைட் ஏறுவேன்"னான். அப்படிப் போறதா இருந்தா எனக்கும் மறுப்பு இல்ல. பேப்பர் எதுவும் எழுதாம வந்து கேக்கவங்களுக்கு நான் உள்நாடுன்னுதான் சொல்லுதேன்.