பிரிட்ஜஸா, யுரேகாவா: மூன்றாம் ஆண்டில் பாடம் நடத்தப்போவது யார்?

அமெரிக்காவில் தொடக்கப்பள்ளிக் கணிதப் பாடத்திட்டத்தைத் தேர்ந்தெடுக்கும் முறை மாநிலத்துக்கு மாநிலம் மாறுகிறது. கலிபோர்னியாவிலும் டெக்சாஸிலும் மாநிலக் கல்வி வாரியம் நூல்களைப் பரிசீலித்துப் பட்டியல் வெளியிடுகிறது. நான் வசிக்கும் வாஷிங்டன் மாநிலத்திலோ ஒவ்வொரு பள்ளி மாவட்டமும் தனக்கென ஒரு குழுவை அமைத்து, அதன் பரிந்துரையின் பேரில் முடிவெடுக்கிறது. குழுவில் பெற்றோரும் இடம்பெறலாம். ஆனால் மொத்த உறுப்பினர்களில் பாதிக்கும் குறைவாகவே அவர்கள் இருக்க வேண்டும் என்பது சட்டம். எங்கள் மாவட்டத்தில் அத்தகைய ஓர் இடத்தில் ஓராண்டு அமர்ந்திருந்தேன். இறுதிச் சுற்றில் நின்றவை ‘பிரிட்ஜஸ் இன் மேத்தமேட்டிக்ஸ்’, ‘யுரேகா மேத்’ ஆகிய இரண்டு. நான் யுரேகாவுக்கு வாக்களித்தவன் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எந்த வகுப்பில் எதைக் கற்க வேண்டும் என்று வகுத்து, பல மாநிலங்கள் ஏற்றுக்கொண்ட ‘காமன் கோர்’ தரநிலைகள் 2010இல் வெளியாயின; இரண்டும் அவற்றைப் பின்பற்றுபவை. பாடத்திட்டங்களை ஆராய்ந்து மதிப்பிடும் எட்ரிப்போர்ட்ஸ் அமைப்பின் மதிப்பீடுகளை எல்லோரையும் போல நாங்களும் முதல் சல்லடையாகப் பயன்படுத்தினோம். இறுதித் தேர்வுக்கு அது உதவவில்லை. விலை, அச்சுத் தரம், இணைய வசதி ஆகியவற்றிலும் பெரிதாகச் சண்டையிட ஒன்றுமில்லை.

ஒரேகனைச் சேர்ந்த ‘தி மேத் லேர்னிங் சென்டர்’ என்ற இலாப நோக்கற்ற நிறுவனத்தின் படைப்பான பிரிட்ஜஸ், வகுப்பறைக்குள் நுழைந்தவுடன் மனத்தைக் கவர்வது. பிள்ளைகள் சிறு குழுக்களாகப் பகடையும் ஓடுகளும் கொண்டு ‘வொர்க் பிளேசஸ்’ என்னும் விளையாட்டுகளில் ஈடுபடுகிறார்கள். பாடவேளைக்கு அப்பால் நாள்தோறும் இருபது நிமிட அளவில் ‘நம்பர் கார்னர்’ நடக்கிறது. சுவரிலுள்ள நாள்காட்டியில் ஒவ்வொரு நாளும் ஓர் அட்டை திறக்கப்பட, அடுத்து வருவது எதுவாக இருக்கும் என்று ஏழு வயதுப் பிள்ளைகள் காரணம் காட்டி வாதிடுவதைப் பார்த்த நாளில் என் வாக்கு ஏறத்தாழ மாறிவிட்டது.

யுரேகாவுக்கு அந்தக் கவர்ச்சி இல்லை. நியூயார்க் மாநிலம் தன் ‘என்கேஜ்நியூயார்க்’ தளத்துக்காக எழுதுவித்த இப்பாடத்திட்டத்தில், பெரும்பாலான நாள்களில் சரளப் பயிற்சி, பயன்பாட்டுக் கணக்கு, கருத்து வளர்ச்சி, இறுதிக் கலந்துரையாடல் என்ற அதே வரிசை திரும்பத் திரும்ப வரும். பாடம் அறுபது நிமிடத்துக்குள் முடிவதே இல்லை என்று முன்னோட்டம் நடத்திய ஆசிரியர்கள் முறையிட்டார்கள்; அது நியாயமான முறையீடுதான். ஆனால் கருத்துகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்படும் விதம் உறுதியானது. நாமெல்லாம் ‘கடன் வாங்கி’க் கழித்தோம், அந்தக் கடனைத் திருப்பிக் கொடுத்ததாக நினைவில்லை. இங்கே ‘10’ என்று எழுதிய ஒரு வில்லையைக் கொடுத்து, ‘1’ என்று எழுதிய பத்து வில்லைகளைப் பெற்றுக்கொள்கிறார்கள். தொகை மாறவில்லை என்பதைக் குழந்தை கண்ணால் காண்கிறது.

ஆயினும் என்னைத் தீர்மானிக்க வைத்தது இதுவன்று. பாடத்திட்டத்தை ஒருமுறை வாங்கினால் ஆறேழு ஆண்டுகளாவது அதனோடு வாழ வேண்டும். முதல் ஆண்டில் எல்லா ஆசிரியர்களும் பயிற்சி பெறுகிறார்கள். மூன்றாம் ஆண்டில் சிலர் ஓய்வு பெற்றிருப்பார்கள், சிலர் வேறு ஊருக்குப் போயிருப்பார்கள், சிலர் இரண்டாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புக்கு மாற்றப்பட்டிருப்பார்கள். பயிற்சிக்கான பணமும் அதற்குள் தீர்ந்திருக்கும். ஹார்வர்டு ஆய்வு மையமொன்று ஆறு மாநிலங்களின் நான்காம், ஐந்தாம் வகுப்புகளை ஆராய்ந்து 2019இல் வெளியிட்ட அறிக்கை, எந்தப் பாடநூலைப் பயன்படுத்தினாலும் மாணவர் வளர்ச்சியில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை என்றது. பாடநூலுக்கென ஆசிரியர்களுக்குக் கிடைத்த பயிற்சி மிகச் சில நாள்களே என்பதும் அதில் தெரிந்தது. அப்படியானால் பயிற்சி பெறாதவர் கையில் எது குறைவாகச் சிதையும் என்பதைத்தான் நாம் கேட்க வேண்டும் என்று எனக்குப் பட்டது.

பிரிட்ஜஸின் விளையாட்டுப் பெட்டிகளை யாராவது அடுக்கி, எண்ணி, தொலைந்த பகடைக்கு மாற்று வைத்துக்கொண்டே இருக்க வேண்டும். பிள்ளைகள் விளையாடும்போது எந்தக் கேள்வியை எப்போது கேட்பது என்பதும் பழக்கத்தால் வருவதே. அது இல்லையென்றால் விளையாட்டு மட்டும் எஞ்சும். யுரேகாவின் ஆசிரியர் கையேட்டிலோ ஆசிரியர் கேட்கக்கூடிய கேள்வியும் மாணவர் தரக்கூடிய விடையும் உரையாடலாகவே எழுதப்பட்டுள்ளன. அனுபவமிக்கவருக்கு அது சலிப்பூட்டலாம். திங்கட்கிழமை காலை திடீரென வரும் பதிலி ஆசிரியருக்கு அதுவே கைப்பிடி. அத்துடன், மூலப் பதிப்பின் கோப்புகள் இணையத்தில் இலவசமாகவே கிடைப்பதால், வீட்டுப்பாடத்தில் திணறும் பெற்றோரும் அதே பாடத்தைத் திறந்து பார்க்கலாம்.

இந்த முடிவுக்கு ஓர் எல்லை உண்டு. நான் நேரில் பார்த்தவை ஒரு பருவ முன்னோட்டத்தின் சில வகுப்புகள் மட்டுமே. அவற்றில் மழலையர் வகுப்பு ஒன்றுகூட இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைகளுக்குப் பிரிட்ஜஸே பொருத்தம் என்று ஓர் ஆசிரியை வாதிட்டபோது என்னிடம் மறுமொழி இருக்கவில்லை. ஆசிரியர்கள் பல ஆண்டுகள் நிலைத்திருக்கும் மாவட்டமாக இருந்தால் என் கணக்கு தலைகீழாகவும் ஆகலாம்.

குழு யுரேகாவைப் பரிந்துரைத்தது. புதிதாகச் சேரும் ஆசிரியர்களுக்கு ஆண்டுதோறும் ஆகஸ்டில் பயிற்சி தர நிதி ஒதுக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் சேர்த்தோம். நம்பர் கார்னர் தனியாகவும் விற்கப்படுவதால், இரண்டு பள்ளிகள் அதை மட்டும் வாங்கிக்கொள்ள அனுமதி கேட்டன. நாங்கள் மறுக்கவில்லை.