சிஆர்பியா, புரோகால்சிட்டோனினா: எந்த எண் எதற்கு?

கடும் காய்ச்சலோடு அட்மிட் ஆகிறவருக்கு இன்று சிஆர்பி, புரோகால்சிட்டோனின் என்ற இரண்டு ரத்தப் பரிசோதனைகளும் சேர்த்தே எழுதப்படுகின்றன. ஆனால் இரண்டும் சொல்வது ஒன்றல்ல.

சிஆர்பி கல்லீரலில் உருவாகும் புரதம். பாக்டீரியாத் தொற்று, முடக்குவாதம், எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை என எதற்கும் ஏறும். ஏறத் தொடங்கவே 6 முதல் 12 மணி நேரம் ஆகும். உச்சத்துக்கு ஏறக்குறைய 2 நாள். காலையில் நடுக்கத்தோடு தொடங்கிய காய்ச்சலுக்கு மதியம் சிஆர்பி லிட்டருக்கு 8 மில்லிகிராம் வரலாம், மறுநாள் 150 வரலாம். அந்த 8-ஐ நம்பி வீட்டுக்கு அனுப்பினால் ஆபத்து. கல்லீரல் செயலிழந்தவருக்குத் தொற்று முற்றினாலும் சிஆர்பி போதிய அளவு ஏறாது. அலகையும் பாருங்கள்: டெசிலிட்டருக்கு 4.8 மில்லிகிராம் என்றால் லிட்டருக்கு 48.

புரோகால்சிட்டோனின் வேகமானது. 2 முதல் 4 மணி நேரத்தில் ஏறும். தொற்று அடங்கினால் சுமார் ஒரு நாளில் பாதியாகும். வைரஸ் தொற்றில் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதம் இதை அடக்கிவைப்பதால், வைரஸா பாக்டீரியாவா என்று பிரிப்பதில் சிஆர்பியை விட ஒரு படி மேல். விலையும் பல மடங்கு. ஏமாற்றவும் செய்யும்: தீக்காயம், பெரிய அறுவை சிகிச்சை, கடுமையான மலேரியா, சிறுநீரகச் செயலிழப்பு, பிறந்த முதல் 2 நாள் ஆகியவற்றில் தொற்றே இல்லாமலும், பாக்டீரியா இல்லாமலும் ஏறும். சுவர் கட்டி நிற்கும் சீழ்க்கட்டியிலும் இதய வால்வுத் தொற்றிலும் தாழ்ந்தே கிடக்கும்.

அதனால் ஆன்டிபயாடிக் தொடங்க இதற்காகக் காத்திருக்கக் கூடாது. 2021 சர்வதேச செப்சிஸ் (தொற்றால் உறுப்புகள் செயலிழக்கும் நிலை) வழிகாட்டுதலும் அப்படித்தான் சொல்கிறது. இதன் அருமை நிறுத்தும்போதுதான் தெரியும். உச்சத்திலிருந்து 80 சதவீதம் இறங்கினாலோ மில்லிலிட்டருக்கு 0.5 நானோகிராமுக்குக் கீழே போனாலோ, நோயாளியும் தேறியிருந்தால் மருந்தை நிறுத்தலாம். 20-லிருந்து 3.6 என்றால் 82 சதவீத இறக்கம். ஒரே ஒரு முறை எடுத்துவிட்டு விடுவது காசுக்குக் கேடு; ஒரே லேபில், ஓரிரு நாள் இடைவெளியில் திரும்ப எடுக்க வேண்டும்.

இவற்றோடு எடுக்கப்படும் இன்னொரு ரத்தப் பரிசோதனையான லாக்டேட் தொற்றைக் காட்டுவதில்லை. திசுக்களின் திணறலைக் காட்டுகிறது. லிட்டருக்கு 2 மில்லிமோலைத் தாண்டினால் கவனம். சாம்பல் நிற மூடியுள்ள குழாயில் எடுத்து, ஐஸில் வைத்து உடனே அனுப்புங்கள். சாதாரணக் குழாயில் கிடந்தால் சிவப்பணுக்கள் சர்க்கரையைத் தின்று லாக்டேட்டைப் பொய்யாக ஏற்றிவிடும்.

எந்தக் கிருமி என்று இவற்றில் ஒன்றும் சொல்லாது. அதற்கு ரத்தத்திலுள்ள கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர்தான்: ஆன்டிபயாடிக்கின் முதல் டோஸுக்கு முன், இரண்டு இடங்களிலிருந்து, பெரியவர்களுக்குப் பாட்டிலுக்கு 8 முதல் 10 மில்லி ரத்தம். ரத்தம் குறைந்தால் கிருமி இருந்தும் வளராமல் போகும்.