சனிக்கிழமை ஆட்டம் பார்க்க டப்ளினில் ஒரு பப்: பிப்ஸ்பரோ அனுபவம்

டப்ளினின் வடபகுதியில், பிப்ஸ்பரோவின் டேலிமவுண்ட் பார்க் மைதானத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் இருக்கும் இந்தப் பப்பின் பெயரை எழுத வேண்டாம் என்று உரிமையாளர் கேட்டுக்கொண்டார். அக்கம்பக்கத்துக்காரர்களுக்கே இடம் போதவில்லை என்பது அவர் சொன்ன காரணம். ஆகவே பெயரைத் தவிர்த்து, இரண்டு பருவங்களாக அங்கே சனிக்கிழமை மதியங்களைக் கழித்தவன் என்ற முறையில் எழுதுகிறேன். அயர்லாந்துக்காரர்கள் இங்கிலாந்தின் சாக்கர் (கால்பந்து) அணிகள் மீது ஏன் இவ்வளவு உயிராக இருக்கிறார்கள், அவர்களே ரக்பி என்று வந்தால் ஏன் வேறு விதமாக நடந்துகொள்கிறார்கள் என்பதை எனக்குப் புரியவைத்தது இந்த இடம்தான்.

பழைய பாணிக் கட்டடம். முன்புறம் நீளமான பார் அறை. அதில் மூன்று திரைகள், மூன்றிலும் சாக்கர். நடுக்கதவைத் தாண்டினால் பின்புறம் லவுஞ்ச். அங்கே ஒரே பெரிய திரை, ரக்பிக்கென்று. முன்னறைச் சுவரில் மான்செஸ்டர் யுனைடெட், லிவர்பூல், ஆர்சனல், லீட்ஸ் கழுத்துத்துணிகள் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு தொங்குகின்றன. ஒரே வீட்டிலிருந்து வரும் அண்ணனும் தம்பியும் எதிரெதிர் அணிகளின் ஜெர்சியில் உட்கார்ந்திருப்பதை அங்கே சாதாரணமாகப் பார்க்கலாம்.

மூன்று மணி ஆட்டத்துக்காகவே இந்த முன்னறைக்குப் போகலாம். கீழ்நிலை லீக் மைதானங்களின் கூட்டம் குறையக்கூடாது என்பதற்காக, இங்கிலாந்தில் சனிக்கிழமை மூன்று மணிக்குத் தொடங்கும் ஆட்டங்களை நேரலையாகக் காட்டுவதில்லை. அந்தத் தடை அயர்லாந்துக்குப் பொருந்தாது. மான்செஸ்டரில் வசிக்கும் ரசிகருக்குத் தொலைக்காட்சியில் கிடைக்காத ஆட்டத்தை டப்ளின் ரசிகர் கையில் கோப்பையோடு பார்க்கிறார். திரைகள் தெளிவாக இருக்கின்றன, வர்ணனை எல்லா மூலைக்கும் கேட்கிறது, தூணுக்குப் பின்னால் இருக்கும் இரண்டு மேசைகளைத் தவிர எங்கே உட்கார்ந்தாலும் பார்வை மறைவதில்லை.

முதல் சில வாரங்கள் எனக்குள் ஒரு கேள்வி உறுத்திக்கொண்டே இருந்தது. 1919 முதல் 1921 வரை பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்துப் போராடி விடுதலை பெற்ற நாடு இது. இங்கிலாந்து தேசிய அணி ஆடும்போது இதே அறை எதிரணிக்குத்தான் கைதட்டுகிறது. அப்படியிருக்க, அந்த நாட்டு நகரங்களின் பெயரை நெஞ்சில் சுமப்பது எப்படி? பக்கத்து மேசையில் வழக்கமாக உட்காரும், அருகிலுள்ள கேப்ரா பகுதியில் பிறந்த முதியவர் ஒருவரிடம் தயங்கித் தயங்கிக் கேட்டேன். அவர் விளக்கம் எதுவும் சொல்லாமல் லியம் வீலனைப் பற்றிச் சொன்னார். கேப்ராவில் வளர்ந்து, 1953-இல் மான்செஸ்டர் யுனைடெட்டில் சேர்ந்த வீலன், 1958 பிப்ரவரி 6 அன்று மியூனிக் விமான விபத்தில் 22 வயதில் இறந்தார். அவருடைய உடல் டப்ளினுக்குக் கொண்டுவரப்பட்டு கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டது. கேப்ராவில் ஒரு ரயில் பாலத்துக்கு அவர் பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த இறுதி ஊர்வலத்தன்று தன் தந்தை தன்னைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு தெருவோரம் நின்றார் என்றும், அன்றிலிருந்து வேறொரு அணியை நினைத்துப் பார்த்ததில்லை என்றும் அவர் சொன்னபோது, என் கேள்வியே பொருந்தாத கேள்வி என்று உணர்ந்தேன். அவருக்கு யுனைடெட் அன்னிய நாட்டு அணியே இல்லை. பக்கத்துத் தெருப் பையன் போய் ஆடிய அணி அது.

இப்படித் தன் அணிக்கு ஆடப்போன ஐரிஷ் வீரர் என்று ஒவ்வொரு மேசைக்கும் ஒரு பெயர் இருக்கிறது. ஆர்சனல்காரர்களைக் கேட்டால் லியம் பிரேடி. லீட்ஸ்காரர்களைக் கேட்டால் ஜானி ஜைல்ஸ். லிவர்பூல்காரர்களைக் கேட்டால் ரானி வீலன். கார்க்கிலிருந்து வந்து குடியேறியவர்களிடம் ராய் கீன், டெனிஸ் இர்வின். திறமையுள்ள பையன்கள் பதினைந்து பதினாறு வயதிலேயே கப்பலேறிவிட்டார்கள், ஊர்க்காரர்களின் அன்பும் அவர்களைத் தொடர்ந்து கடல் தாண்டியது. அவர்கள் மட்டுமா போனார்கள்? 1950-களில் மட்டும் ஏறத்தாழ நான்கு லட்சம் பேர் நாட்டை விட்டுப் போனார்கள். பெரும்பாலோர் வேலை தேடி பிரிட்டனுக்கு. மான்செஸ்டரிலும் லிவர்பூலிலும் சித்தப்பாவோ அத்தையோ இல்லாத குடும்பம் இந்த அறையில் அரிது. கிழக்குக் கரை வீடுகளில் உயரமான ஆன்டெனா வைத்து பிபிசி அலைவரிசையைப் பிடித்துப் பார்த்த காலமும் இதில் சேர்ந்துகொண்டது.

இனி பின்னறை. ஐரோப்பாவின் ஆறு நாடுகள் ரக்பி போட்டி நடக்கும் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் அங்கே போய்ப் பாருங்கள். எல்லார் உடையிலும் அயர்லாந்து அணியின் பச்சை. லென்ஸ்டர் நீலமும் மன்ஸ்டர் சிவப்பும் மாகாண அணிகள் மோதும் நாட்களில் மட்டும் பிரிந்து தெரியும். எந்த அணியை ஆதரிப்பது என்ற கேள்வியே இங்கே எழுவதில்லை. பிறந்த மண் அதை முடிவு செய்துவிடுகிறது. சாக்கர் நிர்வாகம் 1921-இல் பெல்ஃபாஸ்ட், டப்ளின் என்று இரண்டாகப் பிரிந்தது. ரக்பி நிர்வாகம் பிரியவில்லை. இன்றும் தீவு முழுமைக்கும் ஒரே அணி. வட அயர்லாந்து எல்லைக்கு இருபுறமும் உள்ளவர்கள் சேர்ந்து பாடுவதற்கென்றே 1995-இல் 'அயர்லாண்ட்ஸ் கால்' பாடல் உருவாக்கப்பட்டது. அதே ஆண்டு ரக்பி தொழில்முறை ஆட்டமானபோது வீரர்கள் சிலர் இங்கிலாந்துக்குப் போகத் தொடங்கினார்கள். ஆனால் தேசிய ரக்பி சங்கம் தன் பணத்திலேயே ஒப்பந்தம் கொடுத்து அவர்களை மாகாணங்களில் தக்கவைத்தது. பிரையன் ஓ'டிரிஸ்கால் தன் தொழில்முறை வாழ்க்கை முழுவதையும் லென்ஸ்டரிலேயே கழித்தார். ஜானி ஜைல்ஸ் காலத்து சாக்கர் வீரனுக்கு அப்படியொரு வாய்ப்பு உள்ளூரில் இருந்திருந்தால் முன்னறைச் சுவரில் வேறு கழுத்துத்துணிகள் தொங்கியிருக்கும் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இரண்டு அறைகளின் ஒலியும் வேறு. உதைக்கத் தயாராகும் வீரர், எதிரணிக்காரராக இருந்தாலும், பந்தை வைத்துவிட்டுப் பின்வாங்கும் கணத்தில் மைதானமே அமைதியாவது லிமெரிக் நகரின் தாமண்ட் பார்க் ரக்பி மைதானத்தில் பெயர்பெற்ற வழக்கம். பின்னறையிலும் அதைக் கடைப்பிடிக்கிறார்கள். முன்னறையில் அதே நொடியில் கோல் விழுந்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்! இதை அறிந்த பணியாளர்கள் பெனால்டி உதைக்கு முன் நடுக்கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிடுகிறார்கள். யாரும் சொல்லிக் கொடுக்காமல் அவர்களே செய்யும் இந்த ஒரு காரியத்துக்காக முழு மதிப்பெண் கொடுப்பேன். பின்னறைக்காரர்களில் கட்டணப் பள்ளிகளில் படித்தவர்கள் கொஞ்சம் அதிகம். டப்ளினில் ரக்பி அந்தப் பள்ளிகளின் ஆட்டமாக வளர்ந்ததன் விளைவு அது. லிமெரிக்காரர் ஒருவர், தங்கள் ஊரில் துறைமுகத் தொழிலாளியும் மருத்துவரும் ஒரே அணியில் ஆடுவார்கள் என்று சற்றுக் கோபமாகவே என்னைத் திருத்தினார்.

சாப்பாடு சுமார். சீஸும் ஹாமும் வைத்துச் சுட்ட டோஸ்டியும் அன்றைய சூப்பும் நம்பி வாங்கலாம். சிப்ஸ் பெரும்பாலும் ஆறிப்போய்த்தான் வருகிறது. ஒரு பின்ட் பீர் 6 யூரோவுக்குச் சற்று மேல். குடிக்காதவர்களுக்குப் பெரிய கெண்டியில் தேநீர் கொடுக்கிறார்கள், ஒரு கெண்டியோடு ஆட்டம் முழுவதும் உட்கார்ந்திருந்தாலும் யாரும் முகம் சுளிப்பதில்லை. சிறுவர்களை அழைத்துப் போகலாம். சட்டப்படி இரவு 9 மணிக்குள், மே முதல் செப்டம்பர் வரை 10 மணிக்குள், அவர்கள் வெளியேற வேண்டும்.

எனக்குள்ள பெரிய குறை ஒன்று உண்டு. அயர்லாந்தின் உள்நாட்டு சாக்கர் லீக் ஆட்டங்கள் பெரும்பாலும் வெள்ளிக்கிழமை மாலையில் நடக்கின்றன. 1890-இல் தொடங்கிய, ரசிகர்களே உரிமையாளர்களாக இருக்கும் பொஹீமியன்ஸ் அணியின் சொந்த மைதானம் கூப்பிடு தூரத்தில் இருக்கிறது. அப்படியிருந்தும் அந்த அணி வெளியூர் போய் ஆடும் நாட்களில், நேரலை வந்தாலும், கழிவறைக்குப் போகும் வழியில் உள்ள சிறிய திரையில், ஒலியில்லாமல்தான் காட்டுகிறார்கள். பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து விலகிய பிரெக்ஸிட்டுக்குப் பிறகு 18 வயது நிரம்பும்வரை ஐரிஷ் பையன்கள் இங்கிலாந்து அணிகளில் சேர முடியாது. நல்ல ஆட்டக்காரர்கள் முன்பைவிட அதிக காலம் உள்ளூரில் ஆடுகிறார்கள். வீலனைப் போன்ற ஒரு பையனை இன்று கேப்ராக்காரர்கள் நடந்துபோய்ப் பார்க்க முடியும். அவனை அந்தச் சிறிய திரையில் ஒதுக்கி வைப்பது எனக்குப் பொறுக்கவில்லை.

இதை உரிமையாளரிடம் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டு, பிப்ரவரியில் லீக் தொடங்கும்போது முன்னறையின் நடுத்திரையை வெள்ளிக்கிழமைகளில் ஒலியோடு பொஹீமியன்ஸுக்குக் கொடுப்பதாக வாக்களித்திருக்கிறார். தற்போதைக்கு ஐந்துக்கு நான்கு நட்சத்திரம். அந்தத் திரை மாறிய வெள்ளிக்கிழமையே இந்த மதிப்பீட்டைத் திருத்தி எழுதுவேன்.