பீலியா, பைப்பா, போத்தலா? மலையகத்தில் எந்தத் தண்ணீரை நம்பிக் குடிப்பது

ஹட்டன், தலவாக்கலை, நுவரெலியா பக்கம் வீட்டுக் குடிதண்ணீருக்குப் பெரும்பாலும் மூன்று வழிதான்: பீலி (மலை ஊற்றிலிருந்து வந்து விழும் தண்ணீர்), பைப், கடைப் போத்தல். இதில் பீலித் தண்ணீருக்குத்தான் எல்லோரிடமும் மதிப்பு. குளிர்ச்சி, தெளிவு, தேத்தண்ணிக்கும் நல்ல ருசி. ஆனால் கிருமிக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

பீலி நல்லதா என்று அறிய, தண்ணீர் விழும் இடத்தைப் பார்த்துப் பயனில்லை. சரிவில் மேலே ஏறிப் பார்க்க வேண்டும். ஊற்றுக்கு மேலே லயமும் (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) மலசலகூடக் குழியும் மாட்டுப்பட்டியும் இருந்தால், விடாமல் பெய்யும் மழையில் அந்த அழுக்கு ஊற்றோடு சேரும். வயிற்றோட்டம், நெருப்புக் காய்ச்சல் (டைபாய்ட்), செங்கண்மாரி எல்லாம் இப்படி வரக்கூடியவைதான். 2007இல் கம்பளையில் செங்கண்மாரி வகையான ஹெபடைட்டிஸ் ஏ பரவியதை அந்தப் பக்கத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். நல்லவேளையாக இதற்கு வழி எளிது: தளதளவென்று கொதிக்க வைத்தால் போதும். கீழ்ப்பகுதிகளில் ஒரு நிமிடம். நுவரெலியா உயரத்தில் தண்ணீர் ஏறக்குறைய 94 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும், அதனால் மூன்று நிமிடம் விடுங்கள்.

மேலே மரக்கறித் தோட்டம் இருந்தால் கதை வேறு. லீக்ஸுக்கும் கரட்டுக்கும் உருளைக்கிழங்குக்கும் போடும் யூரியாவும் கோழி எருவும் நைட்ரேட்டாக மாறி மண்ணுக்குள் இறங்கி ஊற்றுக்கு வந்து சேரலாம். லீட்டருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு. கொதிக்க வைத்தால் நைட்ரேட் போகாது. தண்ணீர் ஆவியாகிக் குறைய, அதன் செறிவு கூடத்தான் செய்யும். கேத்தலில் திரும்பத் திரும்பக் காய்ச்சுகிற தண்ணீரில் பால்மா கரைத்துக் கைக்குழந்தைக்குக் கொடுப்பது இந்த இடத்தில்தான் ஆபத்து: இரத்தம் ஒட்சிசன் சுமக்கும் திறன் குறைந்து பிள்ளையின் உதடும் நகமும் நீலம் பாயலாம். இப்படிப்பட்ட பீலியைக் குளிக்க, துவைக்க வைத்துக்கொள்ளுங்கள். சோதித்துப் பார்க்காமல் பிள்ளைக்குக் கொடுக்கவே வேண்டாம்.

பைப் தண்ணீரில் குளோரின் மணக்கிறது என்று முகம் சுளிப்பவர்கள் நிறைய. என் கணக்கில் அந்த மணம்தான் பாதுகாப்பு. குளோரின் கலந்த தண்ணீர் வீட்டுக் குழாய்க்கு வரும்போதும் லீட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது மிஞ்சியிருக்க வேண்டும். நேரம் வைத்துத் தண்ணீர் விடும் இடங்களில்தான் கவனம்: குழாய் வெறுமையாகக் கிடக்கும்போது வெடிப்புகள் வழியாக வெளி அழுக்கு உள்ளே இழுபடும். அப்புறம், மூடியில்லாமல், அடியில் சேறு படிந்து கிடக்கும் வீட்டுத் தாங்கியில் குளோரின் இல்லாமல் போய்விடும். தாங்கியைக் கழுவி, மூடி, கொதிக்க வைத்துக் குடித்தால் மூன்றிலும் நான் முதலிடம் கொடுப்பது பைப்புக்குத்தான்.

போத்தல் அவசரத்துக்குச் சரி. எஸ்.எல்.எஸ். 894 (போத்தல் குடிநீருக்கான இலங்கைத் தரம்) இலச்சினையும் சுகாதார அமைச்சின் பதிவிலக்கமும் பார்த்து வாங்குங்கள். தோட்டச் சம்பளத்தில் ஒரு குடும்பம் தினமும் வாங்கக் கட்டுப்படியாகாது.

பில்டர் வாங்கலாமா என்றால், சுட்ட மண்ணில் செய்த வடிகட்டும் திரி வைத்தது கலங்கலையும் பக்டீரியாவையும் பிடிக்கும். செங்கண்மாரி வைரஸையோ நைட்ரேட்டையோ பிடிக்காது. மிக நுண்ணிய சவ்வு வழியாகத் தண்ணீரை அழுத்தி வடிக்கும் ஆர்.ஓ. இயந்திரம் நைட்ரேட்டைக் குறைக்கும். அநுராதபுரம் பக்கத்துச் சிறுநீரக நோய்க்குப் பயந்து இங்கே அதை வாங்க அவசியமில்லை. அங்குள்ள கடினமான, ஃப்ளோரைட் கூடிய நிலத்தடி நீர் இங்கே இல்லை.

எதற்கும் காசு செலவழிக்க முன் நீர்ச்சபை (தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபை) ஆய்வுகூடத்தில் தண்ணீர் மாதிரி கொடுங்கள். கிருமிநீக்கிய போத்தலில், நல்ல மழைக்குப் பிறகு எடுங்கள். ஈ.கோலை (மலம் கலந்ததைக் காட்டும் பக்டீரியா), நைட்ரேட் இரண்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.