கொங்கு வழக்கில் கதை எழுதுபவருக்குத் தமிழ்99 விசைப்பலகை: ஒரு மதிப்புரை

கோவை, ஈரோடு, திருப்பூர்ப் பக்கம் கதை எழுதுகிறவர்களில் நிறையப் பேர் இப்போது முதல் வரைவைப் போனிலேயே அடித்து முடிக்கிறார்கள். விவரிப்புக்கு அது போதும். உரையாடல் வந்ததும்தான் சிக்கல். "போகோணும்" என்று அடித்தால் "போகணும்" என்றோ "போகவேண்டும்" என்றோ இழுக்கும். பண்டிகையைக் குறிக்கும் "நோம்பி"க்கு நோன்பைக் காட்டும். வேகத்தில் இடைவெளியைத் தட்டிவிட்டால் அம்மணியும் அப்பாரும் வானொலிச் செய்தி வாசிப்பவர்கள்போலப் பேசத் தொடங்கிவிடுவார்கள். சொல்லை ஊகிக்கும் எந்தக் கருவியும் ஏற்கெனவே அதிகம் எழுதப்பட்ட தமிழைத்தான் ஊகிக்கும். ஊர்ப்பேச்சு எழுத்தில் ஏறியது குறைவு.

தமிழ்99 எதையும் ஊகிக்காது. வட்டார வழக்கில் எழுதுகிறவருக்கு அதைப் பரிந்துரைக்க இந்த ஒரு காரணமே போதும். 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணைய மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்றுக்கொண்ட அமைப்பு இது. விலை கிடையாது. மேக்கில் கூடவே வருகிறது, விண்டோஸ் 11-இலும் மொழி அமைப்பில் சேர்த்துக்கொள்ளலாம். பழைய விண்டோஸ் கணினி என்றால் என்எச்எம் ரைட்டர் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் இருக்கிறது, அதுவும் இலவசம்.

உயிரெழுத்து முழுக்க இடது கை, வ, ங தவிர்த்த மெய்யெழுத்து வலது கை. இடது கை நடுவரிசையில் அ, இ, உ, புள்ளி, எ. அதற்கு மேல்வரிசையில் ஆ, ஈ, ஊ, ஐ, ஏ. வலது கை நடுவரிசையில் க, ப, ம, த, ந, ய. இரண்டு கையும் மாறி மாறி வேலை செய்வதால் நீண்ட அத்தியாயம் அடித்தாலும் ஒரு கை மட்டும் ஓய்ந்துபோகாது.

உண்மையான வேலை தானியங்கிப் புள்ளியில் இருக்கிறது. ஒரே மெய்யை இரண்டு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாக விழும். ங-வுக்குப் பின் க, ஞ-வுக்குப் பின் ச, ண-வுக்குப் பின் ட, ந-வுக்குப் பின் த, ம-வுக்குப் பின் ப, ன-வுக்குப் பின் ற வந்தாலும் அப்படியே. "வந்துருக்குதுங்க" என்ற சொல்லில் மூன்று புள்ளிகள் உண்டு, ஒன்றுக்குக்கூடப் புள்ளி விசையைத் தொட வேண்டாம். விருந்தாளியைச் சொல்லும் "ஒறம்பரை"க்கு ஒ, ற, ம, ப, ர, ஐ என்று ஆறே தட்டு. இதையே ஆங்கில எழுத்தில் ஒலிபெயர்த்து அடித்தால் ஒன்பது, அதிலும் ற-வுக்கு ஷிஃப்ட் தனி. வரிக்கு வரி "ங்க" போட்டுப் பேசும் ஊருக்கு இதைவிடத் தோதான அமைப்பு இல்லை. "ஏனுங்" என்று பாதியில் நிறுத்திப் பேசுகிற பாத்திரமானால் மட்டும் கடைசியில் புள்ளி விசையைத் தட்ட வேண்டும்.

அதே வசதி சில இடத்தில் காலை வாரும். ந, த, இ என்று தட்டினால் "நதி"க்குப் பதில் "ந்தி" வரலாம். நடுவில் அ தட்டினால் புள்ளி விழாது: ந, அ, த, இ. நத்தம், நத்தை எல்லாவற்றுக்கும் இதே வழி. பப்பாளிக்கு ப, அ, ப, ப, ஆ, ள, இ. சொல்லின் தொடக்கத்தில் புள்ளி விழாதபடி சரிசெய்த மென்பொருளும் உண்டு, ஆகவே நிறுவியதும் "நொய்யல் நதி" என்று அடித்துப் பார்த்துவிடுவது நல்லது. ஜமக்காளத்துக்கும் பஸ்ஸுக்கும் கிரந்த எழுத்து ஷிஃப்டோடு மேல்வரிசையில் கிடைக்கும்.

பெரிய குறை மேற்கோள் குறிதான். நிறுத்தற்குறி விசைகள் சிலவற்றில் எழுத்துகள் உட்கார்ந்துவிட்டதால் இரட்டை மேற்கோள் எந்த விசையில் வருகிறது என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறுகிறது. ஒன்றில் ஷிஃப்டும் ம விசையும், இன்னொன்றில் ஆங்கிலத்தில் இருந்த இடத்திலேயே. பக்கத்துக்கு இருபது உரையாடல் எழுதுகிறவருக்கு இது சின்ன விஷயமல்ல. போனில் பாதி, கணினியில் பாதி எழுதினால் நேர்க்குறியும் வளைந்த குறியும் கலந்துகிடக்கும். கடைசியில் தேடி மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

தேடலில் இன்னொரு கண்ணிவெடி "மௌனம்". ம-வுக்குப் பின் ஔ விசையைத் தட்டினால் அது சரியான மௌனம். கொம்பு போட்டு ள அடித்தால் "மெளனம்". திரையில் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும், தேடினால் ஒன்று மட்டும் சிக்கும். நாவல்களில் மௌனத்துக்குப் பஞ்சமே இல்லை என்பதால் இரண்டு வடிவத்தையும் தனித்தனியாகத் தேடுங்கள்.

கருவி எதையும் திருத்தாது என்றால் ஒழுங்கு நம் பொறுப்பு. மூன்றாம் அத்தியாயத்தில் "ஒறம்பரை", ஒன்பதாம் அத்தியாயத்தில் "ஒரம்பரை", "ஊட்டுல" ஓரிடம், "வூட்டுல" ஓரிடம் என்று போனால் வாசகர் அதைப் பாத்திர வேறுபாடு என்று எடுத்துக்கொள்ள மாட்டார், அச்சுப்பிழை என்பார். தனிக் கோப்பு ஒன்றில் வழக்குச் சொல், தேர்ந்த வடிவம், எந்தப் பாத்திரம் சொல்கிறது என்று எழுதி வைத்துக்கொண்டே போக வேண்டும்.

தட்டச்சுப் பயிலகத்தில் தமிழ் லோயர், ஹையர் முடித்தவர்கள் இதற்கு மாற வேண்டியதில்லை. கொம்பை முதலில் அடித்துப் பழகிய விரல் எழுத்தை முதலில் அடிக்க இசையாது, வேகம்தான் போகும். அவர்களுக்கான பழைய தட்டச்சு அமைப்பு என்எச்எம் ரைட்டரிலேயே இருக்கிறது. புதிதாகப் பழகுகிறவர்கள் சொந்தக் கதையில் ஆரம்பிக்க வேண்டாம். விசையைத் தேடும்போது வாக்கியம் மறந்துபோகும். செய்தித்தாள் பத்தி ஒன்றைப் பார்த்துத் தினமும் அரை மணி நேரம் அடித்தால் போதும். ஸ்டிக்கர் ஒட்டுவது வீண், கண் கீழே போய்க்கொண்டே இருக்கும்.

குரல் தட்டச்சோடு ஒப்பிட்டால், விவரிப்புப் பத்தியில் குரல்தான் வேகம். ஆனால் கொங்குப் பேச்சை அதுவும் பொதுத்தமிழாக்கப் பார்க்கும், ல, ள, ழ குழப்பமும் சேரும். உரையாடலைப் பேசிப் பதிவுசெய்து, கேட்டுக்கொண்டே தமிழ்99-இல் அடிப்பது நல்ல வழி.

ஈரோடு புத்தகத் திருவிழாவுக்கோ சென்னைக்கோ புத்தகம் வர வேண்டுமென்று கடைசி வாரத்தில் டிடிபிக்கு, அதாவது கணினிப் பக்க வடிவமைப்புக்கு, கொடுப்பவர்களுக்கு ஒன்று. தமிழ்99-இல் அடித்தது யூனிகோடு. வடிவமைப்பவர் யூனிகோடு அல்லாத பழைய எழுத்துருவில் வேலை செய்தால் அதற்கு மாற்றித்தான் ஏற்றுவார். அந்த எழுத்துருக்களில் பல ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழை வைத்தவை. அதனால் நடுவில் விட்ட ஆங்கிலச் சொல் தமிழ்க் கொத்துக்கறியாகும், மேற்கோள் குறி வேறு எழுத்தாகும். உரையாடல், ஸ்ரீ, க்ஷ, ஆங்கிலச் சொல் எல்லாம் உள்ள இரண்டு பக்கத்தை முதலில் மாற்றித் தரச் சொல்லி, தாளில் அச்செடுத்துப் பார்த்த பிறகு முழுக் கோப்பைக் கொடுங்கள்.