பால் பெர்கெயின் கேமரா: 1925-இன் துருவப் பறப்பு டிவிடி

நார்வே துருவப் பயணி ரோல்ட் அமுண்ட்சென், அமெரிக்கரான லிங்கன் எல்ஸ்வொர்த் ஆகியோர் 1925-இல் வடதுருவம் நோக்கிப் பறந்த பயணத்தின் மௌனப் படத்தை, பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில், திருநெல்வேலி சந்திப்பு ரயில் நிலையப் பக்கத்துத் தியேட்டர் ஒன்றில், புரொஜெக்டர் விளக்குக்குக் கார்பன் குச்சி எரித்துப் படம் ஓட்டிய என் பெரியப்பாவுடன் அமர்ந்து பார்த்தேன். கூரியரில் உறை நசுங்கி வந்தாலும் தட்டில் கீறல் இல்லை.

ஒளிப்பதிவாளர்களாக இருவர் பெயர் வருகிறது: பால் பெர்கெ, ஆஸ்கர் ஓம்டால். ஆர்க்டிக் தீவான ஸ்பிட்ஸ்பெர்கனின் கிங்ஸ் பே கரையில் நின்று, டார்னியர் வால் என்ற பறக்கும் படகு வகையைச் சேர்ந்த என்24, என்25 விமானங்களின் ஆயத்தங்களைப் பதிவு செய்தவர் பெர்கெ. அக்காலக் கேமராவின் கைப்பிடியை நொடிக்கு இரண்டு சுற்று வீதம் சுற்றினால் பதினாறு படங்கள் பதியும். கை தளர்ந்தால் திரையில் மனிதர்கள் ஓடுவார்கள். குளிரில் எண்ணெய் கெட்டியாகும். பிலிமும் விறைத்து ஒடியும். இவற்றுக்கிடையிலும் நடை பிசகாமல் சுற்றியிருக்கிறார் என்பதைப் பெரியப்பாதான் முதலில் கவனித்து, "கை பழகின ஆளு" என்றார்.

மே 21 அன்று, நம் ஊரில் கத்தரி வெயில் காயும் நாளில், ஆறு பேருடன் இரு விமானங்களும் கிளம்பின. பெர்கெ கரையிலேயே நின்றுவிட்டார். ஏறத்தாழ 88 பாகை வட அட்சத்தில் பனியில் இறங்கிய பிறகு கேமரா, அந்த ஆறு பேரில் ஒருவரான ஓம்டாலின் கைக்கு மாறுகிறது. அவருக்கு எஞ்சின்தான் முதல் வேலை. ஓடுபாதைக்காகப் பல நூறு டன் பனியை அள்ளியவர்களில் அவரும் ஒருவர் என்பதால், அந்த மூன்று வாரத்துக்கும் கூடுதலான காலம் படத்தில் சுருக்கமாகவே வருவதைக் குறையாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஜூன் 15 அன்று அறுவரும் என்25 ஒன்றிலேயே மீண்டார்கள்.

காட்சிகளுக்கிடையே வரும் எழுத்து அட்டைகள் சட்டென்று மறைவதால், நிறுத்தி நிறுத்தி வீட்டாருக்குத் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. டிவிடியில் சேர்த்திருக்கும் ஒலியை அடைத்துவிட்டுப் பார்த்தபோதுதான் பெர்கெயின் பொறுமை முழுதாகத் தெரிந்தது. நீங்களும் அப்படியே பாருங்கள்.

மறு ஆண்டு 'நோர்கெ' வான்கப்பல் துருவத்தைக் கடந்து அலாஸ்கா சென்ற படத்தையும் இதே இருவர்தான் பதிவு செய்தனர். அதையும் தேடிப் பிடித்து, இதற்கு அடுத்த நாளே பார்ப்பது நல்லது. ஓம்டால் 1927 டிசம்பரில் அட்லாண்டிக் பறப்பு ஒன்றில் காணாமற்போனார்.